இரண்டாவது சாட்சி

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை. அன்று காலை அவளுடைய கட்டுரையின் கடைசிப் பத்தியை எவரோ வெட்டிவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டியவர் தம் பெயரையும் எழுதவில்லை. இது அநியாயம், இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை.

இதழியல் வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு வலைப்பூ என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய குழுவில் காலை வகுப்பில் இருவர், மாலை வகுப்பில் மூவர். ஐவருக்கும் ஒரே கடவுச்சொல். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துச் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்பது விதி. கட்டுரையின் அடியில் தனிப்பெயர் கிடையாது. 'குழு' என்று மட்டும் இருக்கும். காலை வகுப்பார் மாலை வகுப்பாரைக் கண்டதே இல்லை. முகம் தெரியாதவர்கள் ஒருவர் வாக்கியத்துக்குள் மற்றொருவர் குடியிருந்த காலம் அது...

அவள் எழுதியது பதினான்காம் எண் பேருந்தைப் பற்றி. மாலை ஆறு மணிக்குக் கல்லூரி நிறுத்தத்துக்கு வரவேண்டிய கடைசி வண்டி நாள்தோறும் ஏழு நிமிடம் தாமதமாகவே வந்தது. முந்தைய நிறுத்தமான மருத்துவமனை வாசலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு அரட்டை அடிக்கிறார் என்று ஒரு பயணி சொன்னார். அதுதான் கடைசிப் பத்தி. அந்த இடத்தில் இப்போது ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: "ஒரே ஒரு சாட்சி. போதாது."

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. கல்லூரி வாசலில் இருந்த நிழற்குடைக்குள் அவள் ஓடி நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே ஓர் இளைஞன் ஒதுங்கி நின்றான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்... உங்க குடை என் நோட்டை நனைக்குது."

"எங்கிட்ட குடையே இல்லீங்க. அது உங்க குடை."

குனிந்து பார்த்தாள். உண்மைதான். அவளுடைய குடையே அவளுடைய குறிப்பேட்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தாள். அவன் கண்களில் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. உதட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பதினான்காம் எண் பேருந்தைப் போல அதுவும் தாமதம்...

"யார் மேலயோ பயங்கரக் கோபம் போல?"

"வெட்டுக்கிளி மேல."

"பூச்சியா?"

"மனுஷன்தான். பேரு தெரியாது, அதனால நானே வச்சேன். நான் எழுதினதை வெட்டிட்டு, 'ஒரே ஒரு சாட்சி, போதாது'ன்னு தீர்ப்பு எழுதி வச்சிருக்கு. பெரிய ஜட்ஜு!"

அவன் காதுமடல் சிவந்தது. குளிர் என்று அவள் நினைத்தாள்.

"எத்தனை சாட்சி இருந்துச்சு?"

"...ஒண்ணு."

"அப்போ வெட்டுக்கிளி சொன்னதுல..."

"நீங்க என்ன, வெட்டுக்கிளிக்கு வக்கீலா?"

"சேச்சே! ஒரு ஸ்டாப் பின்னாடி போய்ப் பாத்தீங்களான்னு கேட்கலாம்னு..."

"இந்த மழையிலயா? நல்லா இருக்கே!"

ஆறு ஏழுக்குப் பேருந்து வந்தது. அவன் ஏறவில்லை. "நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ல வரேன்" என்றான். சன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் கோடு கோடாக இறங்கின. அந்தக் கோடுகளுக்கு நடுவே, நிழற்குடைக்கு வெளியே வந்து அவன் நனைந்துகொண்டே நின்றது தெரு முனை வரை தெரிந்தது.

மறுநாளும் நின்றான், அதற்கு மறுநாளும் நின்றான். மழை இல்லாத நாளிலும் நிழற்குடைக்கு வந்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன் என்று சொன்னான். "அப்போ நீங்களும் வெட்டுக்கிளிக்குச் சொந்தக்காரர்தான்" என்று அவள் சொன்னதும் அவனுக்குப் புரையேறியது. ஏனென்று அவள் கேட்கவில்லை. செய்தி கற்க வந்தவள், எதிரே நின்றவனின் கண்களைப் பார்த்தாளே ஒழிய, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. சில நாட்களில் பேருந்தில் கையில் கட்டுடன் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருப்பதும், தனக்குக் கிடைத்த இடத்தை இவள் அவருக்கு விடுவதும் வழக்கமாகியிருந்தன. அந்தக் கட்டு எதற்கு என்றுகூட அவள் கேட்டதில்லை.

இரண்டு வாரம் பொறுத்தாள். பெயர் சொல்லாதவனுக்குப் பணிவதா? ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி, வெட்டிய பத்தியை மறுபடி ஒட்டினாள். இரண்டாவது ஆள் படிக்காமலே வெளியிட்டாள். விதியை மீறினாள் என்பதை மழுப்ப வேண்டியதில்லை.

ஒரே நாளில் எழுபது பின்னூட்டங்கள் குவிந்தன. மூன்றாம் நாள், பணிமனையில் அந்த ஓட்டுநரிடமிருந்து வண்டியைப் பிடுங்கி, விசாரணை முடியும் வரை டயர்களை எண்ணச் சொல்லிவிட்டார்கள். அன்று மாலை நிழற்குடையில் அவன் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

காலை வகுப்பின் மற்றொருத்திக்குச் சுண்டெலி என்று பெயர். அவள் காதுக்கு எட்டாத சங்கதி கல்லூரியில் கிடையாது. 'வெட்டுக்கிளி' என்ற பட்டப்பெயரை மாலை வகுப்பு வரை பரப்பியவளும் அவளே.

"அடியே, அந்த டிரைவர் யாருன்னு தெரியுமா? நம்ம வெட்டுக்கிளியோட அப்பாவாம்!"

"ஓஹோ! அப்பாவைக் காப்பாத்தத்தான் வெட்டினானா? இருக்கட்டும். இன்னொரு சாட்சி கொண்டுவந்து அவன் மூஞ்சியில வீசறேன் பாரு!"

அந்த வீம்பில்தான் அவள் முதன்முறையாக ஒரு நிறுத்தம் பின்னோக்கி நடந்தாள்.

மருத்துவமனை வாசலில் பேருந்து சரியான நேரத்துக்கு வந்தது. புதிய ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார், கிளம்பினார். அதே வேளையில் டயாலிசிஸ் பிரிவின் கதவு திறந்தது. கையில் கட்டுடன் மூவர், சுவரைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தார்கள். பாதி வழியில் நின்று, போகும் வண்டியைப் பார்த்தார்கள். அவர்களுள் ஒருவர், பேருந்தில் அவள் இடம் விட்ட அந்த மூதாட்டி.

"அந்த டிரைவர் தம்பி இருந்தா நிப்பாரு பாப்பா" என்றார் மூச்சு வாங்க. "எங்க மெஷின் முடியறதுக்கும் அவரு கிளம்பறதுக்கும் ஏழு நிமிஷம் ஒத்துப்போகாது. இறங்கி வந்து கையைப் பிடிச்சு ஏத்துவாரு. யாரோ எழுதிப் போட்டு அவரைத் தூக்கிட்டாங்களாம். அவங்க நல்லா இருக்கட்டும்."

சபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மூவரிடமும் கேட்டாள், மூவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். மூன்று சாட்சிகள். மூவரும் அவளுக்கு எதிராக.

ஆறரைக்கு மாலை வகுப்பு. வாசலில் நின்று, உள்ளே பார்த்துக் கேட்டாள்: "இங்க... வெட்டுக்கிளி யாரு?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மூன்றாம் பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான். அதே கண்கள். அவற்றில் இன்று சிரிப்பு இல்லை.

"நீங்களா...!"

நடைக்கூடத்துக்கு வந்தான்.

"முதல் நாளே ஏன் சொல்லல?"

"நீங்க திட்டறது கேக்க நல்லா இருந்துச்சு... அப்புறம், சொன்னா நீங்க அந்த நிழற்குடைக்கு வரமாட்டீங்கன்னு பயம்."

"அது போகட்டும். டிராஃப்ட்ல, 'அவர் எங்கப்பா'ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருந்தா, மகன் அப்பாவைக் காப்பாத்தறான்னு நினைச்சிருப்பீங்க."

"நினைச்சிருப்பேன். ஆனா போய்ப் பாத்திருப்பேன்."

அவன் தலை குனிந்தான். அவளும் குனிந்தாள். கேட்காமல் வெட்டியது அவன் குற்றம். காணாமல் எழுதியது அவள் குற்றம். எது பெரியது என்று வாதாடிக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை. கணினி அறையைப் பூட்டுவதற்குள், இருவரும் ஒரே விசைப்பலகையின் முன் அமர்ந்து திருத்தம் எழுதினார்கள். கட்டுரையின் அடியில் ஒளித்து வைக்காமல், தலைப்புக்கு மேலேயே போட்டார்கள். "இந்தப் பத்தி தவறானது. இதை எழுதியவள் நேரில் பார்க்கவில்லை. இதை வெட்டியவர் அந்த ஓட்டுநரின் மகன். அதை அவர் சொல்லவில்லை." பிறகு ஓட்டுநரின் வயதும் பணியும், மூன்று சாட்சிகளின் சொற்களும். அடியில், அந்த வலைப்பூவில் முதன்முறையாக, 'குழு' என்பதற்குப் பதிலாக இரண்டு பெயர்கள்.

திருத்தம் வெளியான ஒன்பதாம் நாள் ஓட்டுநர் வண்டிக்குத் திரும்பினார். ஆறு ஏழுக்குக் கல்லூரி நிறுத்தத்துக்கு வந்தார். அவள் முன்கதவில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "திருத்தம் எழுதினது நீதானாம்மா?"

"ஆமாங்க ஐயா... என்னை மன்னிச்சிடுங்க."

"அதுலயும் ஒரு தப்பு இருக்கு."

அவள் அவசரமாகக் குறிப்பேட்டை எடுத்தாள்.

"எனக்கு ஐம்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க. ஐம்பத்தஞ்சுதான். பையனுக்கு அப்பன் வயசுகூடத் தெரியல, இவனெல்லாம் பிழை திருத்தறானாம்! நீயாவது சரியா போடு தாயி."

பேருந்தே சிரித்தது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலை வயதைத் திருத்தலாமென்று வலைப்பூவைத் திறந்தாள். வெளியிடாத வரைவு ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது.

"திருத்தம்: ஆகஸ்ட் 11 அன்று, மழையில், 'அடுத்த பஸ்ஸில் வருகிறேன்' என்று கூறியது தவறு. பதினான்கே கடைசி வண்டி. அடுத்த பேருந்து என்று ஒன்று கிடையாது. எனக்குப் பேருந்தே தேவையில்லை. என் வகுப்பு எதிரே இருந்தது. மழை விட்ட பிறகும், மழையே இல்லாத நாட்களிலும், அங்கே நின்றது ஒருவரைப் பார்க்க மட்டுமே. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. மிகவும். தவறுக்கு வருந்துகிறேன் என்று எழுதவேண்டும், வருத்தம் வரவில்லை. இதற்கும் ஒரே ஒரு சாட்சிதான், அதுவும் நான். ஆகையால் இதை வெளியிடக்கூடாது."

அவள் மூன்று முறை படித்தாள். சுண்டெலி எட்டிப் பார்க்காதவாறு திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். ஓர் எழுத்தையும் வெட்டவில்லை. அடியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்:

"இரண்டாவது சாட்சி: நான். வெளியிடலாம்."

பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த வலைப்பூ நிறுத்தப்பட்டது. பின்னூட்டங்களும் பிழைகளும் அதனுடன் போயின. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர்கள் அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். ஓரம் பழுத்துவிட்டது. மழை நாளில் அவள் அதை எடுத்துப் படிப்பதும், "ஐம்பத்தஞ்சா, ஐம்பத்தாறா?" என்று அவனை வம்புக்கு இழுப்பதும் இன்றும் நடக்கின்றன...

வாசகரே, நீங்கள் கேட்காமல் வெட்டியது ஏதேனும் இருக்கும். காணாமல் எழுதியதும் இருக்கும். சொல்லாமல் விழுங்கியது நிச்சயம் இருக்கும். இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, உரியவரிடம் இன்றே போய், உங்கள் பெயரைச் சொல்லித் திருத்தம் போடுங்கள். அடுத்த பேருந்தில் வருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.