திங்கள் முதல் வெள்ளி வரை தூங்கும் பெட்டி

பள்ளிக்கூடம் விட்டு வந்த நுஸ்ரா, சப்பாத்தைக் கழற்றும் முன்பே முன் அறையை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"உம்மா, இன்னைக்கும் நின்னு போச்சு!"

"அப்படியா? காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் உம்மா, சமையலறையிலிருந்து.

நின்று போனது கடிகாரமல்ல. சுவரோரம் இருந்த கறுப்புப் பெட்டி. அது நுஸ்ராவின் தாத்தா முனவ்வரா செய்தது. தாத்தா என்றதும் வெள்ளைத் தாடியைத் தேடாதீர்கள். உக்குவளை முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். முனவ்வராவுக்குப் பத்தொன்பது வயது. தினமும் ரயிலேறிக் கண்டிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படிக்கிறாள்.

போன வருடம் வாப்பாவின் போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. தம்பி அன்ஸாப் பிறந்த அன்று எடுத்த படங்கள் எல்லாம் அதோடு போயின. உம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் முனவ்வரா, "இனி நம்ம வீட்டுப் படம் ஒண்ணுகூட தொலையாது. நான் ஒரு சர்வர் செய்றேன்" என்று கிளம்பினாள்.

சர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் அதற்குத் திரை கிடையாது. வீட்டில் உள்ள எல்லாருடைய போன்களிலிருந்தும் படங்களை வாங்கி, இரவு பகலாகப் பத்திரமாக வைத்திருக்கும். முனவ்வரா பழைய பாகங்களாகத் தேடிச் சேர்த்தாள். முழங்கால் உயரத்தில் ஓர் இரும்பு ரேக் வாங்கி, அதில் தட்டுத் தட்டாக எல்லாவற்றையும் திருகி மாட்டினாள்.

முதல் நாள் அதை ஓட விட்டபோது வீடே அதிர்ந்தது. அன்ஸாப் அலறினான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "மா அரைக்கிற மில் ஏதும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"சின்ன விசிறிதான் கத்தும். பெரிய விசிறி மெதுவாச் சுத்தும், சத்தம் வராது" என்று சொல்லி, முனவ்வரா எல்லாவற்றையும் மாற்றினாள். பிறகு பெட்டி அப்படியொரு சாது. காதை ஒட்ட வைத்துக் கேட்டால்தான் 'ம்ம்ம்' என்று ஒரு மூச்சு கேட்கும். முன்பக்கத்தில் மட்டும் ஐந்து நீல விளக்குகள் விடாமல் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது மூன்று கிழமையாக, அதாவது மூன்று வாரமாகத்தான் இந்தத் தொல்லை. காலையில் ஓடும் பெட்டி, நுஸ்ரா வீட்டுக்கு வரும்போது செத்துக் கிடக்கும்.

அன்று மாலை முனவ்வரா ரயிலால் இறங்கி வந்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா, நான் வந்ததும் தொட்டுப் பார்த்தேன். மேல் பக்கம் சுடச்சுட இருந்துச்சு" என்றாள் நுஸ்ரா.

"தெரியும். சூடு கூடினா அது தானா நின்னுடும். இல்லாட்டி உள்ளுக்குக் கருகிடும். ஆனா ஏன் சூடாகுது? அதுதானே விளங்கல்ல!"

முதல் கிழமை தூசி துடைத்துப் பார்த்திருந்தாள். போன கிழமை விசிறியை மாற்றிப் பார்த்திருந்தாள். அன்றைக்குப் புதுக் கேபிள் ஒன்றும் மாட்டினாள். பிறகு தலையைச் சொறிந்தாள்.

"வெயிலாலன்னு சொல்லலாம். ஆனா சனி, ஞாயிறுல நிக்கிறதே இல்லையே. அந்த ரெண்டு நாளும் சூரியன் லீவா?"

நுஸ்ராவும் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். மற்றவர்கள் எல்லாம் சனி, ஞாயிறில் தூங்குவார்கள். இந்தப் பெட்டி திங்கள் முதல் வெள்ளி வரை தூங்குகிறது!

முனவ்வரா மெதுவாகத் திரும்பினாள். "நுஸ்ரா, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் முதல்ல வீட்டுக்கு வர்றது நீதானே? எதையாவது அமத்துறியா?"

"சத்தியமா நான் இல்ல! நான் வரும்போதே அது நின்னுதானே கிடக்கு!"

"அப்போ அன்ஸாப்பா?"

அன்ஸாப் தரையில் உட்கார்ந்து தன் கால் பெருவிரலைக் கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பகலில் அவன் தூங்குவான். தூங்குகிறவன் எப்படிப் பெட்டியைச் சூடாக்குவான்?

அப்போது கடையிலிருந்து வந்த வாப்பா கதிரையில் சாய்ந்தார். மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு விற்கிற கடை அவருடையது. சட்டையிலெல்லாம் கராம்பு வாசம்.

"மகள், நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. இப்படி அடிக்கடி விழுற பொட்டிய நம்பி எப்படிப் படத்தை வைக்கிறது? போன் ஒரு தரம் விழுந்ததுக்கே எல்லாம் போச்சு. டவுன்ல யஹ்யா நானா பழைய கம்ப்யூட்டர் வாங்குறார். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கேன்."

முனவ்வரா திருப்புளியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நுஸ்ராவுக்கு அழுகை அழுகையாக வந்தது. தாத்தா தன்னைச் சந்தேகப்பட்டதுகூட அவளுக்கு மறந்துபோனது. அந்தப் பெட்டிக்காகத் தாத்தா எத்தனை பாடு பட்டாள் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்று பள்ளிக்கூடத்தை நண்பகலோடு விட்டுவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் விளையாட நின்றார்கள். நுஸ்ரா மட்டும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். இன்றைக்குப் பெட்டி நிற்கும் முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

வாசலில் வந்து நின்றவள் வாயைப் பிளந்தாள்.

பெட்டியைக் காணவில்லை!

அது இருந்த இடத்தில் தலை முதல் கால் வரை ஒரு தடித்த போர்வை. அதற்கு முன்னால் முசல்லா என்ற தொழுகை விரிப்பைப் போட்டு, உம்மா பகல் தொழுகையான லுஹர் தொழுது முடித்து, குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். உள்ளே அன்ஸாப் தூங்கிக்கொண்டிருந்தான்.

நுஸ்ரா சத்தம் போடாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உம்மா ஓதி முடித்தார், இரண்டு கையையும் ஏந்தினார்.

"யா அல்லாஹ், என்ட மகள் ராப்பகலா பாடுபட்டுச் செஞ்ச பொட்டி. அது ஏன் நிக்குதுன்னு யாருக்கும் விளங்கல்ல. அத நல்லபடியா ஓட வை."

பிறகு முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து, போர்வையை உருவி அழகாக மடித்தார். பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

நுஸ்ராவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உம்மா!"

"ஆ! எப்ப வந்தே நீ?"

"இப்பதான். உம்மா, எதுக்கு அதுக்குப் போர்வை போட்டீங்க?"

"தொழுற பக்கம் அதுதானே நிக்குது. அந்த வெளிச்சம் எல்லாம் முன்னுக்கு நின்னு ஆடுது. எத்தனை தரம் குனிஞ்சு எழும்பினேன், மூணாவது ரக்அத்தா, நாலாவதான்னு எனக்கே குழம்பிப் போகுது. சனி, ஞாயிறுல நீங்கள்லாம் இங்க சத்தம் போடுறதால நான் அறைக்குள்ள தொழுதுக்குவேன். மத்த நாள் பகல்ல, இந்த மூணு கிழமையா அறை புழுங்குதுன்னு, காத்தோட்டமா இங்க வந்துட்டேன்."

எல்லாம் ஒரே நொடியில் நுஸ்ராவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? பெட்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று இப்போதுதான் கையேந்தித் துஆ கேட்ட உம்மாவிடம், 'நீங்கள்தான் அதை நிறுத்தினீர்கள்' என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் உம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகப் பெட்டியின் மேல் வைத்தாள்.

உம்மா வெடுக்கென்று கையை இழுத்தார். "என்னா சூடு இது!"

"அது விசிறியால மூச்சு விடுது உம்மா. போர்வைக்குள்ள காத்து போக வழியில்ல."

உம்மா போர்வையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு முசல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாஹ்வே! மூணு கிழமையா நானா அந்தப் புள்ளைய அழ வச்சேன்?" அவர் கண் கலங்கிவிட்டது. "ஏன்டி, சோத்துப் பானைய மூடுறத யாரும் போய்ச் சொல்வாங்களா? அதுபோலத்தான் நானும் சொல்லல்ல. தாத்தாட்ட சொல்லிடாத, நுஸ்ரா. எனக்கு வெக்கமா இருக்கு."

"சொல்ல மாட்டேன் உம்மா."

ஆனால் விளக்குகள் இனியும் கண் சிமிட்டுமே? நுஸ்ரா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். உம்மாவுக்குத் தொல்லை தருவது பெட்டியல்ல, ஐந்து சின்ன வெளிச்சம்தான். அப்படியானால் அந்த ஐந்தையும் மூடினால் போதாதா?

அவள் தாத்தாவின் கறுப்பு டேப்பை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். பெட்டியை மறுபடி ஓட விட்டு, ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒன்று ஒட்டினாள். பிற்பகல் அஸர் தொழுகையை உம்மா போர்வை போடாமலே தொழுதார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் திரும்பிப் பார்த்தார்.

"நாலு ரக்அத்தும் சரியா நாலு!" என்றார்.

புதன், வியாழன், வெள்ளி. பெட்டி ஒரு நாளும் நிற்கவில்லை. டேப்பைப் பார்த்த முனவ்வரா, "இது யாரு ஒட்டினது?" என்றாள். "வெளிச்சம் கண்ணைக் குத்துது தாத்தா" என்றாள் நுஸ்ரா. அது பொய்யல்ல. யாருடைய கண் என்றுதான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யஹ்யா நானா வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"வாப்பா, இப்ப சரியாகிட்டு. கேபிள்தான் பழுது. நான் மாத்திட்டேன்" என்றாள் முனவ்வரா.

வாப்பா தலையை ஆட்டினார். "போன கிழமை விசிறின்னு சொன்னீங்க. அதுக்கு முந்தி தூசின்னு சொன்னீங்க. சரியான காரணம் தெரியாம எப்படி மகள் நம்புறது?"

யஹ்யா நானா பெட்டியைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தார். காரணம் நுஸ்ராவின் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாளே!

"வாப்பா... சரியான காரணம் தெரிஞ்சா பொட்டிய வச்சுக்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரிஞ்சா ஏன் குடுக்கிறேன்?"

தேநீர்த் தட்டோடு வந்த உம்மா அப்படியே நின்றார். நுஸ்ராவைப் பார்த்தார். தட்டை மேசையில் வைத்தார்.

"கேபிள் பாவம், அது ஒண்ணும் செய்யல்ல. நான்தான் தொழுற நேரம் அதுக்குப் போர்வை போட்டு மூடினேன். இவ கண்டுபிடிச்சு, எனக்கு வெக்கம்னு யாருக்கும் சொல்லாம வெளிச்சத்தை மட்டும் மூடி விட்டா."

முனவ்வரா உம்மாவையும் நுஸ்ராவையும் மாறி மாறிப் பார்த்தாள். போர்வையா? மூன்று கிழமை தூசி, விசிறி, கேபிள் என்று உயிரை விட்டதெல்லாம் ஒரு போர்வைக்காகவா? அவள் நுஸ்ராவை இழுத்து இறுக அணைத்துக்கொண்டாள். "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!"

"அத விடுங்க" என்றார் உம்மா. "போர்வைக்குள்ள அது மூச்சுத் திணறுது. வெளிய நான் அது நல்லா ஓடணும்னு துஆ கேட்டுட்டு இருக்கேன்!"

வாப்பா தேநீரை எடுத்து யஹ்யா நானாவிடம் நீட்டினார். "குடிங்க நானா. இன்னைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி மட்டும்தான்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"மூணு கிழமை போர்வைக்குள்ள கிடந்தும் அந்தப் பொட்டி கருகாம தப்பினது எப்படின்னு நினைக்கிறீங்க? உங்க உம்மாட துஆவாலதான்!"