முன்னால் கேட்ட காலடி

பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வந்தது.

புதிதாக வந்திறங்கும் ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு கணினிக் கடைக்காக வீட்டில் வைத்துச் சோதித்து, பழுதில்லாதவற்றைப் பத்திரமாகத் திரும்பப் பொட்டலம் கட்டி அனுப்புவது அவள் வேலை. பிரிக்கும் முன் பெட்டியைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே பொருள் உருண்டால் வழியில் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். இதில் எதுவும் உருளவில்லை. ஒரு தட்டல், அதன்பின் ஓர் இழுப்பு. டொக். சர்ர்.

"வாலு, எழுந்திரிச்சியா?" என்றாள் உள்ளறையைப் பார்த்து.

"இல்லியே. படுத்துதான் கெடக்கேன், நீ சொன்ன மாதிரி."

மகள் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்தாள். அவள் நடந்தால் அந்தச் சத்தம்தான் வரும். கட்டுப் போட்ட காலோடு இன்னொரு முறை விழுந்தால் எலும்பு ஒன்றுசேராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் வேலையாக வெளியூரில் இருந்தார். வாசற்கதவைத் திறந்தால் செங்குத்தான மாடிப்படி. அதனால் கையில் எந்த வேலை இருந்தாலும் அவளுடைய ஒரு காது எப்போதும் உள்ளறையில்தான் இருந்தது.

பெட்டியைப் பிரித்தாள். உள்ளே விரல் நுழைய இடமில்லாமல் பஞ்சு அட்டை நெருக்கியிருந்தது. அதற்குள் குமிழ்த்தாள், அதற்குள் முத்திரை பிரியாத வெள்ளி உறை. எதுவும் அசைய வழியே இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததால் டிஸ்க் சில்லென்றிருந்தது. குளிரில் வந்ததை உடனே மாட்டினால் உள்ளே வியர்த்த ஈரம் அதில் சுழலும் தகட்டைக் கெடுத்துவிடும். கூடத்து மேசையில் வைத்துக் காத்திருந்தாள். பகல் மங்கி, சுவரோரங்களில் நிழல் ஊறி, மழைவாசனையும் புது உலோகத்தின் எண்ணெய் வாசனையும் அறையில் ஒன்றாகக் கலந்து நின்றபோது டிஸ்க்கை மாட்டிச் சோதனையை ஓடவிட்டாள்.

கடைக்காரர் போனில் அழைத்தார். "என்னம்மா, முடிஞ்சுதா? நெஞ்சுல குழாய் வச்சுப் பாக்கற டாக்டர் மாதிரி உக்காந்துடாதே. ஓடுதான்னு பாரு, கட்டு, அனுப்பு."

"ஓடுது சார். சத்தம் மட்டும் கேட்டுட்டு அனுப்பிடறேன்."

ஸ்குரூடிரைவரின் நுனியை டிஸ்க்கின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினாள். தகடு சீராகச் சுழலும் ரீங்காரம் கேட்டது. அதன் அடியில், கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதுபோல, டொக், சர்ர், டொக், சர்ர். பின் மகளின் குரல். "அம்மா, தண்ணி நானே எடுத்துக்கறேன்." உடனே கண்ணாடி சிதறும் ஓசை.

உள்ளறைக்கு ஓடினாள். மகள் படுத்திருந்தாள். தண்ணீர் வைத்த கண்ணாடி டம்ளர் கட்டிலோர முக்காலியில் உடையாமல் இருந்தது.

"என்னம்மா, பேயைப் பாத்தவ மாதிரி நிக்கற?"

அவள் டம்ளரை எடுத்துக் கைக்கெட்டாத அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. டொக். சர்ர். டொக். சர்ர்.

"அம்மா, தண்ணி நானே எடுத்துக்கறேன்."

அவள் எழுவதற்குள் கண்ணாடி சிதறியது.

சில்லுகளைப் பெருக்கி அள்ளினாள். "தூர வச்சது நீதானே, என்னை எதுக்கு மொறைக்கற?" என்றாள் மகள். அவளை மறுபடி படுக்க வைத்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று மனம் அடித்துக்கொள்ள, மேசைக்குத் திரும்பி ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தாள்.

ரீங்காரம். நெடுநேரம் வெறும் ரீங்காரம். பிறகு ஒரு பெண் குரல்.

"வாலு. வா கண்ணு. அம்மா இங்கே இருக்கேன்."

அது அவளுடைய குரல்.

"வர்றேம்மா" என்றது பிள்ளை. தாழ்ப்பாள் விலகியது. டொக். சர்ர். பிறகு காலடி ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழே. இன்னும் கீழே. அந்த மாடிப்படியில் அத்தனை படிகள் கிடையாது.

மின்கம்பியைப் பிடுங்கினாள். தகடு நின்றது. விரலுக்குத் தெரிந்தது, நின்றுவிட்டது. ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தாள். காலடி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் எதையும் வரிசையாக யோசிப்பவள். கூப்பிட்டது என் குரல் என்றால், நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். வாசற்கதவைப் பூட்டினாள். உள்ளறைக்குள் போய்த் தாழிட்டாள். மகளை மடியில் இறுக்கிக்கொண்டு உதடுகளைச் சேர்த்துக் கடித்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஊமை விளையாட்டா? நான் வரலப்பா."

அவள் பிடியை இறுக்கினாள். மழை விட்டிருந்தது. சன்னல் கறுத்தது. எழுந்து விளக்கைப் போடப் பயம்.

"அம்மா, கை வலிக்குது. ஏதாவது பேசேன்."

பேசவில்லை.

"உன் மூஞ்சி தெரியல. பேசும்மா."

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

"வாலு. வா கண்ணு. அம்மா இங்கே இருக்கேன்."

மடியிலிருந்த உடம்பு விறைத்தது. குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு, மிக மெதுவாக, இருட்டில் தன்னைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தாள்.

"அப்ப... நீ யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். நான்தான்டி, அம்மா. தொண்டை அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் இல்லை.

"நான்தான்டி, அம்மா" என்றது கூடத்திலிருந்த குரல்.

குழந்தை அவள் மணிக்கட்டைக் கடித்தாள். பிடி விட்டது.

"வர்றேம்மா."

டொக். சர்ர்.

தாழ்ப்பாள் விலகியது. கூடத்து வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அறை வாசலில் நின்றது யாரென்று கட்டிலிலிருந்து தெரியவில்லை. அண்ணாந்து பார்த்த மகளின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் பயம் நீங்கி, அம்மாவைப் பார்த்தால் மட்டும் சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்து, கையை நீட்டினாள்.