மற்றும் பலர்

சனிக்கிழமை ஒப்பனை அறையைப் பூட்டும்போது உள்ளே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அக்காவே தூக்கிவந்து கண்ணாடிக்கு முன்னால் போட்ட நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் திறந்தால் எட்டு இருந்தன. ஏழு சுவரோரம் வரிசையாக நின்றன. ஆள் உட்கார்ந்து எழுந்துபோனால் நாற்காலி எப்படிச் சற்றே கோணிக்கொண்டு நிற்குமோ, ஒவ்வொன்றும் அப்படி நின்றது. அறையில் முகப்பவுடர் வாசனையோடு, ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டால் வருமே, அந்த நாற்றமும் இருந்தது. வெளியே மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

அவள் பயப்படவில்லை. பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அரங்கத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஊர்ச் சங்கம் நடத்துகிற நூற்றிருபது இருக்கைக் கொட்டகை அது. வாரத்தில் நாலு நாள் திரையை இறக்கினால் சினிமா; ஞாயிற்றுக்கிழமை திரையைச் சுருட்டி மேலே ஏற்றினால் பின்னால் மேடை, நாடகம். என்ன படம், என்ன நாடகம், எத்தனை மணிக்கு என்று ‘இந்த வாரம்’ தாளை அடித்து, வாசல் பலகையில் ஒட்டி, டிக்கெட் கிழித்து, நாடகத்துக்கு விளக்கும் போடுகிறவள் அவள். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள்.

படம் ஓட்டுகிற ஆபரேட்டர் வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும்.

“அண்ணே, ஒப்பனை ரூம்ல எதுக்கு இத்தன நாற்காலி போட்டீங்க?”

“நானா? ஒரு நாற்காலிய நகர்த்தினாலே எனக்கு இடுப்பு பிடிச்சுக்குது. தாளப் பாத்துட்டு வேற யாராச்சும் போட்டிருப்பாங்க.”

“தாள்ல என்ன இருக்கு?”

அவர் பீடியால் பலகையைக் காட்டினார். அவளே அடித்த தாள். அவளே ஒட்டிய தாள். நடிப்பு என்று போட்டு அவளுடைய சொந்தத் தங்கையின் பெயர். அதற்கு அடுத்த வரியில், ‘மற்றும் பலர்’.

அவள் எப்போதும் கம்ப்யூட்டரில் போன வாரத் தாளை எடுத்து, பழைய பெயர்களை அழித்துவிட்டு, அதிலேயே புதுப் பெயர்களைப் போட்டு அடிப்பாள். போன வாரம் பன்னிரண்டு பேர் நடித்த நாடகம். நாலு பெயரை அழித்தவள் கடைசி வரியை விட்டுவிட்டாள். தூக்கக் கலக்கம்.

“தனி ஆள் நாடகத்துக்கு மற்றும் பலரா?” என்று ஆபரேட்டர் சிரித்தார். “அந்தப் பலர் யாரும்மா, நீங்களும் நானுமா?”

“சிரிக்காதீங்கண்ணே. நூறு தாள் வீடு வீடாப் போயாச்சு.”

“அப்போ வந்துதான் ஆகணும். இந்தக் கொட்டகையில தாள்ல போட்டது மேடைக்கு வராம இருந்ததே இல்ல. காய்ச்சல்ல கெடந்தவனையே போர்வையோட கொண்டாந்து நிறுத்தினோமே, மறந்துட்டீங்களா?”

அவள் நீலப் பேனாவால் அந்த வரியை அடித்தாள். பளபளப்பான தாளில் மை பிடிக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எழுத்து அப்படியே தெரிந்தது.

ஒரு தாளுக்காக நாடகத்தை நிறுத்துவதா? அது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். தங்கை குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவள், எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் ஊட்டிவிட்டது, குளிப்பாட்டியது, பாதி ராத்திரியில் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது எல்லாம் அக்காதான். ஒன்பதாவது மாதம் தங்கை ஒரு பென்சில் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே இருக்கிற நாற்பது நிமிட நாடகத்தை எழுதினாள். அவளே நடிக்கிறேன் என்றாள். இன்று காலை அவளே தலை வாரிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்திருந்தாள். இந்த நாடகம் நடந்தால் தங்கை பிழைத்துக்கொள்வாள். நின்றுபோனால் மறுபடி அந்தச் சுவர்தான்.

இரண்டு மணிக்கு வந்த தங்கை நாற்காலிகளை ஒருதரம் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டு, சுவரோரம் மூன்றாவதில் போய் உட்கார்ந்தாள்.

“ஏண்டி அங்க உக்கார்ற?”

“இங்கதான்க்கா சூடா இருக்கு” என்றாள் தங்கை.

மூன்று மணிக்கு முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். அக்கா மாடியில், படக்கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேடை விளக்கின் கைப்பிடியைத் தூக்கினாள். பழைய சாமான். தூக்கிய இடத்தில் நிற்காது, விட்டால் தானே இறங்கி விளக்கு அணைந்துவிடும். நாடகம் முடிகிறவரை கையாலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாற்றித் தரச்சொல்லி மூன்று கூட்டத்தில் சொல்லியாயிற்று. பார்க்கலாம் என்கிறது சங்கம்.

தங்கை நன்றாகத்தான் ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை. அரங்கத்தின் பின்வரிசையில் யாரோ இருமினார்கள், மின்விசிறி ஒன்று சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சிட்டது, பலகை மேடையில் தங்கையின் வெறுங்காலடி மெத்து மெத்தென்று கேட்டது. ஒவ்வொரு வசனத்தையும் அக்கா வாய்க்குள்ளேயே கூடச் சொன்னாள்.

“அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா?”

இங்கே பத்து எண்ணுகிற வரை மௌனம். பதில் வராது. அப்புறம் அந்தப் பெண் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். வீட்டில் நூறு தடவை ஒத்திகை பார்த்தது.

அக்கா நாலு எண்ணியபோது தட்டும் சத்தம் கேட்டது.

மரத்தில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். மேடைக்குப் பின்னாலிருந்து. மூன்று தரம்.

“எலியா இருக்கும்” என்றார் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.” ஆனால் அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தங்கை சிரிக்கவில்லை. சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். எட்டு மாதமாக அக்கா என்ன செய்தும் வராத வெளிச்சம் அந்த முகத்தில் வந்தது.

“உள்ள வாங்க” என்றாள்.

அது எழுதியதில் இல்லை.

கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். அவசரப்படவில்லை. ஒரு பெண்மணி, ஒரு கிழவர், தொப்பையுள்ள ஒரு ஆள், இன்னும் இருவர், இன்னும் இருவர். ஏழு பேர். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் முகம் மனதில் தங்கவில்லை. பார்க்கும்போது கண் இருந்தது, மூக்கு இருந்தது. அடுத்தவரைப் பார்த்ததும் முன்னவர் முகம் போய்விட்டது. ஈரத்துணி நாற்றம் மாடிவரை ஏறியது.

அவர்கள் தங்கையைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பெண்மணி அவள் தலையைக் கோதிவிட்டாள். கிழவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அக்கா எப்படிச் செய்வாளோ அப்படியே, ஆனால் அலுப்பில்லாமல்.

அப்போது அக்காவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. நம்மைத் தவிர இவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது என்றிருந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

மிச்ச நாடகத்தை எட்டுப் பேரும் சேர்ந்து பேசினார்கள். ஒரே குரலில். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. முடிந்ததும் கைகோத்துக் குனிந்து வணங்கினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

“சொல்லாமக் கொள்ளாம இத்தன பேர கொண்டாந்துட்டீங்களே அக்கா” என்று கீழிருந்து யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள். பக்கக் கதவு திறந்து நாலு மணி வெயில் உள்ளே விழுந்தது. கடைசி ஆள் போனதும் கதவு மூடிக்கொண்டது.

மேடையில் எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள்.

“அண்ணே, கீழ போய் ஹால் லைட்டப் போடுங்க. இத விட்டா இருட்டாயிடும்.”

அவர் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நடைபாதையில் கேட்டது. சுவிட்சுப் பலகை பக்கம் திரும்பாமல் மேடைப் பக்கம் போனது.

“அண்ணே?”

மேடைப் படி. பலகை. அப்புறம் சத்தமில்லை.

வரிசையில் இப்போது ஒன்பது பேர். கடைசி ஆளின் தோளில் சிவப்புத் துண்டு. முகம் யாருடையதோ.

அக்கா தங்கையைத் தேடினாள். இடமிருந்து பார்த்தாள். மூன்றாவதா? நாலாவதா? இவள் மாதிரி இருந்தது. இல்லை, அவள். மூக்கு எப்படி இருக்கும்? தூக்கி வளர்த்த முகம். காலையில் பார்த்த முகம். நினைவுக்கு வரவில்லை.

கை வலித்தது. கைப்பிடி ஒரு நூல் இறங்கியது. விளக்கு மங்கியது. ஒன்பது பேரும் கறுப்புத் துணியை நோக்கி ஓரடி பின்னால் வைத்தார்கள்.

இரண்டு கையாலும் தூக்கினாள். வெளிச்சம் வந்தது. அவர்கள் நின்றார்கள். முன்னால் வரவில்லை.

அவள் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்பது தலையும் நிமிர்ந்தன.

“அக்கா.” தங்கையின் குரல்தான். எந்த வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. “நீயும் எவ்வளவு நேரந்தான் பிடிச்சிட்டு இருப்ப? விட்டுடுக்கா.”

தோள் நடுங்கியது. விரல் மரத்துப்போயிற்று. கைப்பிடி இன்னொரு நூல் இறங்கியது.

மேடையில் ஒன்பது முகங்களும் ஒன்றுபோல அவளையே பார்த்துக்கொண்டு, பொறுமையாக, இன்னும் ஓரடி பின்னால் போயின.