மூன்றாம் குழித் தண்ணீர்

மழை விட்டுப் பன்னிரண்டாம் நாளும் மூன்றாம் குழித் தண்ணீர் தெளியவில்லை.

மற்ற இரண்டு குழிகளும் நாலாம் நாளே தெளிந்துவிட்டன. அப்படித்தான் தெளிய வேண்டும். ஹோட்டல் கட்டுவதற்காகக் கொட்டி நிரவிய கிரவல் மண்ணை மழை கழுவிக்கொண்டு வரும். சிவப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியே குழிக்குள் இறங்கும். மணல் முதலில் படியும், பிறகு களி, கடைசியில் மாவு போன்ற தூசி. மேலே மிஞ்சுகிற தெளிந்த தண்ணீரை, குழியின் நடுவில் நிற்கும் ஓட்டைகள் போட்ட குழாய் வழியாகப் பக்கத்துக் களப்புக் கடலுக்குத் திறந்துவிடலாம். கலங்கலாகப் போனால் கற்பிட்டி மீன்காரர்கள் ஹோட்டல் கேட்டை மறிப்பார்கள். தெளியும்வரை பார்த்திருப்பதும் வால்வைத் திருகுவதும் உசனாரின் வேலை. ஒன்றரை வருடமாகச் சேறு படிவதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறார். அதைவிடக் கேவலமான வேலைகளும் உலகத்தில் இருக்கின்றன. அவற்றையும் அவர் செய்திருக்கிறார்.

காலையில் ஒரு ஜாம் போத்தலில் குழித் தண்ணீரை மொண்டு, தேதி எழுதிக் கொட்டிலின் பலகையில் வைக்க வேண்டும். வடக்கிலிருந்து விரட்டப்பட்டுக் கரைத்தீவில் குடியேறி, நாற்பது தாண்டிய பிறகு கற்ற எழுத்து. கோணல்தான், ஆனாலும் அவருடையது.

பன்னிரண்டு போத்தல்களும் சிவப்பாகவே நின்றன. முதல் நாள் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். மூடி இறுக்கமாக இருந்தது, கையும் ஆடவில்லை. ஆனால் உள்ளே தூசி மெல்ல எழும்பியது, சற்று நின்றது, இறங்கியது. மறுபடி எழும்பியது. பலகையைப் பார்த்தார். மற்றப் பதினொன்றிலும் அப்படியே. ஒன்றாக எழும்பின. ஒன்றாக இறங்கின.

"என்ன காக்கா, போத்தலுக்கு ஓதிப் பாக்குறீங்களா?" சூப்பர்வைசர் முஹ்ஸின் வாசலில் நின்றான்.

"தெளியுதில்ல."

"படிகாரம் போடுங்க. நாளைக்கு ஒஃபிசர்மார் வாராங்க."

"மூணு மூடை போட்டாச்சி."

"அப்ப நாலாவதையும் போடுங்க, உங்கட வாப்பா ஊட்டுச் சாமானா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஜனவரியில மெசின் வந்து அள்ளும். அது மட்டுக்கும் வாயைக் கட்டிக்கிட்டு இரிங்க. உங்களுக்கும் நல்லம், எனக்கும் நல்லம்."

அவன் போன பிறகு உசனார் நாலாவது மூட்டையைக் குழிக்கரைக்கு இழுத்துப் போனார். படிகாரத்தை வீசும்போது குழாயைப் பார்க்காமல் வீசினார். பார்த்தால் அந்தப் பின்னேரம் வந்துவிடும்: குழாயின் ஓட்டைகளைச் சல்பீனியா நீர்ச்செடி அடைத்துக்கொள்ள, தண்ணீர் ஏறிக் கரையை முட்ட, செடியைப் பிய்த்தெறிய கூட வேலை செய்த ஹஸ்மி கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் போனதும், கரை உடைந்தால் அடுக்கி வைத்த சீமெந்து முழுவதும் போய்விடுமென்று முஹ்ஸின் மழைக்கு மேலாகக் கத்தியதும், "அவன் உள்ள நிக்கிறான்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு உசனார் தன் இரண்டு கைகளாலும் வால்வைத் திருகித் திறந்ததும். தண்ணீர் அவனைக் குழாயோடு சேர்த்து இழுத்தது. பக்கத்துக் கரை சரிந்து அந்த இடத்தை மூடியது. அன்றிரவே முஹ்ஸின் வேலையாட்களின் வரவுப் புத்தகத்தை நீட்டினான். 'ஹஸ்மி லீவு கேட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான்' என்று உசனார் எழுதினார். கற்ற எழுத்தால் எழுதிய முதல் பொய். ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தார்.

பிணம் நாறும் என்று காத்திருந்தார். நாறினால் ஊருக்கே தெரிந்துவிடும், தான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு நாளாக மூக்கை நீட்டிக்கொண்டு அலைந்தார். நாறவில்லை. புதிதாக நனைந்த மண்ணின் வாசம் மட்டும், வெயிலில் காயாமல், ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஜுனைதா வந்தாள். ஹஸ்மியின் பெண்சாதி. கேட்டில் நிறுத்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை. குழிக்கரைக்கே வந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேலையாட்கள் தார்ப்பாயை இழுத்து மூடும் சத்தம் தூரத்தில்.

"காக்கா, கொழும்பில ஒருத்தரும் அவரக் காணல்லயாம். போனும் போகுதில்ல."

"வருவான் தங்கச்சி."

"எப்ப?"

உசனார் வெறும் படிகார மூட்டையை மடித்தார்.

"மௌத்தாப் போயிருந்தா நான் வெளிய எறங்காம விதவையா இத்தா இரிக்கணும். உசிரோட இருந்தா சோறாக்கி வெச்சிப் பாத்திருக்கணும். நான் எத செய்யிற? ரெண்டுமில்லாம ஒருத்தி எத்தின நாளைக்கி இரிக்கிற? கடைசியாப் பாத்தது நீங்கதான். ஒண்டச் சொல்லுங்க."

சத்தம் அப்போதுதான் கேட்டது. குழாயின் ஓட்டைகளிலிருந்து. உள்ளே இழுப்பது போல. நிற்பது போல. வெளியே விடுவது போல.

வால்வு பூட்டித்தான் இருந்தது.

"அவன் போகல்ல," என்றார் உசனார். "இதுக்குள்ளதான் இரிக்கான். நான்தான் தொறந்தன். அவன் நிக்கிறது தெரிஞ்சிதான் தொறந்தன். நீ இத்தா இரி, தங்கச்சி."

அவள் அழுவாள் என்று நினைத்தார். மண்ணள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. குழியைப் பார்த்தாள்.

தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது.

ஓரத்திலிருந்து. படிப்படியாக. முதலில் கரைச்சரிவு தெரிந்தது. பிறகு செடியின் வேர்கள். குழாயின் அடி. குழாயைக் கட்டிப் பிடித்த இரண்டு கைகள்.

ஹஸ்மி நின்றுகொண்டிருந்தான். மார்பளவு சேற்றில், முகத்தை மேலே நிமிர்த்தி, வாயைத் திறந்து. சிவப்புத் தூசி அந்த வாய்க்குள் மெல்லப் போனது. நின்றது. வெளியே வந்தது.

மறுபடி போனது.

"உசிரோட இரிக்கார்," என்றாள் ஜுனைதா. அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. "பொய் சொல்லிட்டீங்களே காக்கா. உசிரோட இரிக்கார்!"

"இறங்காத! அது அவனில்ல, இறங்காத!"

செருப்பைக் கழற்றி வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். வீட்டு வாசலில் நுழைவதைப் போல இறங்கினாள். முழங்கால். இடுப்பு. உசனார் கரையிலேயே நின்றார். அவள் மிதித்த இடத்திலிருந்து சேறு புகைபோலக் கிளம்பியது. அது மூடுவதற்கு முன் அவர் கடைசியாகக் கண்டது, ஹஸ்மியின் ஒரு கை குழாயை விட்டு அவள் பக்கமாக நீண்டதை.

பிறகு சிவப்பு.

முதல் மழைத்துளி விழுந்தது. குழியின் நடுவில், அருகருகே, இரண்டு இடங்களில் தண்ணீர் மெல்ல எழும்பியது. நின்றது. இறங்கியது.