தாழிட்ட கை

கார்த்திகைத் திங்களின் முழுமதி, மழை கழுவிய மேகங்களை ஒதுக்கிக்கொண்டு பெண்ணையாற்றின் கீழ்க்கோடியில் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. இரு கரையும் தொட்டுச் சுழித்தோடிய செந்நிற வெள்ளம் அதன் ஒளி பட்டு உருக்கிய செம்பாய்ப் பளபளத்தது. தென்கரையில் வெண்கோட்டூர்க் கோட்டையின் மதில்களிலும் கொத்தளங்களிலும் வரிசை வரிசையாக அகல்விளக்குகள் சுடர்விட்டன. கோயில் முன்றிலில் ஓலை சுற்றி நிறுத்தியிருந்த சொக்கப்பனை வானளாவ எரிய, அதைச் சூழ்ந்து நின்ற ஊர்மக்களின் ஆரவாரம் வடகரை வரைக்கும் கேட்டது.

வாசகர்களே, திருவிழா நடக்கும் இடத்துக்குத் தங்களை அழைத்துச் செல்லத்தான் நமக்கும் ஆசை. ஆனால் நாம் போக வேண்டிய இடம் வேறு. கோட்டைக்கு வெளியே ஆறு வளைந்து திரும்பும் மேட்டில், கார்த்திகைத் திருநாளிலும் வாசலில் ஓர் அகல்கூட இல்லாமல் இருண்டு கிடக்கிறதே, அந்த நீண்ட ஓலைக்கூரைக் கட்டடத்துக்குள் நுழைவோம். வேப்பெண்ணெயும் சீழும் கலந்த அந்த வாடை சற்று நேரத்தில் பழகிவிடும்.

போரில் உறுப்பிழந்தும் முதுமையால் தளர்ந்தும் போன வெண்கோட்டூர்ப் படைவீரர்களுக்கான ஆதுலர் சாலை அது. அதன் மருத்துவர் ஐயாறி என்னும் நங்கை. தந்தையிடம் கற்ற வைத்தியத்தை, அவர் மறைந்த பின் தானே ஏற்று நடத்திவந்தாள். வாளும் வேலும் கிழித்த புண்களை ஆற்றுவதில் அவள் கை தேர்ந்தது. தோல் மூடிய பிறகும் உள்ளே ரணமாகவே இருந்த புண்கள்தாம் அவளைத் திணற வைத்தன.

அன்று மாலை அவள் சாளரங்களிலெல்லாம் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். சொக்கப்பனையின் புகை உள்ளே வந்துவிடக் கூடாது. குறும்பன்மலைப் போருக்குச் சென்று வந்த முதிய வீரர்கள் எவருக்கும் புகை ஆகாது. காற்றில் சற்றே கலந்தாலும் சிலருக்கு உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கும். சிலர் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார்கள். அதனாலேயே அடுப்பங்கரையை நீர்த்துறையோரம் தள்ளிக் கட்டியிருந்தார்கள்.

"தாயே, வலக்கை எரிகிறது" என்று முனகினார் ஏனாதிப் பட்டம் பெற்ற முதிய வீரர் வெண்காடர். அந்த வலக்கையை வடநாட்டுப் போர் ஒன்றில் அவர் இழந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

ஐயாறி அவர் தோளில் தைலம் தடவினாள்.

"இல்லாத கைக்கு என்னம்மா மருந்து?"

"இருக்கிற தோளுக்குப் போடுகிறேன், ஐயா. கைக்கும் கொஞ்சம் போய்ச் சேரட்டும்."

கிழவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

தட்டிகளை இறுகக் கட்டிவிட்டு வந்து தைலக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டவனை அங்கே எல்லோரும் மோனன் என்று அழைத்தார்கள். சென்ற போரில் காயம்பட்டவர்களோடு வண்டியில் வந்து இறங்கியவன். முப்பது வயதுக்கு மேற்பட்ட வலிய உடல். வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. காயம் ஆறிய பின்னும் போகாமல், கிழவர்களுக்குப் புண் கழுவிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவன் முதுகு முழுவதும் பரந்திருந்த தீத்தழும்பு, அவனைக் கொண்டுவந்த போருக்குப் பல ஆண்டுகள் மூத்தது என்பதை முதல் நாளே ஐயாறியின் விரல்கள் கண்டுகொண்டன. ஆனாலும் அவள் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவானோ என்ற அச்சம். அந்த அச்சம் ஏன் வந்தது என்று தன் நெஞ்சையும் அவள் கேட்டதில்லை.

வாசலில் குதிரைக் குளம்பொலி கேட்டது. வந்தவர் வெண்கோட்டூர்த் தண்டநாயகர் நரசிங்க விழுப்பரையர். குறும்பன்மலையை வென்று சக்கரவர்த்தியிடம் பட்டம் பெற்ற மாவீரர் என்று நாடெங்கும் புகழப்பட்டவர். ஐயாறியைத் தனியே முன்மண்டபத்துக்கு அழைத்தார்.

"மருத்துவரே, சக்கரவர்த்தியின் நியாய அதிகாரி வடகரையில் பாசறை இறங்கியிருக்கிறார். விடிந்ததும் ஆற்றைக் கடப்பார். குறும்பன்மலையில் அபயம் கொடுத்துக் கதவைத் திறக்கச் செய்த பிறகு நாம் அந்த மக்களைக் கொன்றோம் என்று யாரோ முறையிட்டிருக்கிறார்கள்."

ஐயாறி உட்கதவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"முதியவர்கள் தூக்கத்தில் ஏதேதோ பிதற்றுகிறார்கள். அந்தப் பிதற்றல் அதிகாரியின் காதில் விழலாகாது." மடியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "மாலைக் கஷாயத்தில் கலந்துவிடுங்கள். நிம்மதியாக உறங்கட்டும்."

பிரித்து நாவின் நுனியில் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு மரத்தது. வச்சநாவிக் கிழங்கின் பொடி!

"இது நஞ்சு, பிரபு."

"அவர்கள் வாழ்வது மட்டும் அமுதமோ? இரவெல்லாம் அலறுகிறார்கள் என்று தாங்களே என்னிடம் சொல்லவில்லையா? கூத்தனைப் பற்றி அப்படித்தானே சொன்னீர்கள்?"

அந்தப் பெயர் அவளை வேல் போலக் குத்தியது. சென்ற மாதம், கூத்தன் என்ற வீரர் உறக்கத்தில் 'கதவைத் திற, கதவைத் திற' என்று ஓயாமல் கதறுவதாகவும், அவரை அமைதியான வேறிடத்தில் வைத்துப் பேண வேண்டும் என்றும் அவள்தான் தண்டநாயகரிடம் வேண்டிக்கொண்டாள். நல்ல இடத்தில் வைப்பதாகச் சொல்லிப் பல்லக்கில் அழைத்துச் சென்றார்கள். பிறகு அவர் உடல் ஆற்று மணலில் கிடந்தது. கால் தவறி விழுந்தார் என்று சொன்னார்கள். தன்னை நம்பி ஒருவர் உறக்கத்தில் உதிர்த்த சொல்லே அவருக்குக் கூற்றுவன் ஆனதை ஐயாறி அந்தக் கணத்தில்தான் முழுவதும் உணர்ந்தாள்.

"மறுத்தால்?"

"இன்று கார்த்திகை. எத்தனையோ இடங்களில் தீ எரிகிறது. இந்தக் கூரையிலும் ஒரு பொறி விழலாம்." விழுப்பரையர் அமைதியாக மண்டபத்துப் பலகையில் அமர்ந்தார். "இங்கேயே காத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள்."

அவருடன் வந்த வீரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஐயாறி உள்ளே வந்தாள். உட்கதவைச் சாத்தினாள். எல்லோரும் பார்க்கும்படி அந்தப் பொடியைத் தரையில் கொட்டினாள். தண்டநாயகர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்; கூத்தனின் முடிவுக்குத் தன் வாயே காரணம் என்பதையும் மறைக்கவில்லை.

வெண்காடர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"கொட்டியிருக்க வேண்டாம், தாயே. குடித்திருப்போம். மலைக்கோட்டை நெற்களஞ்சியத்தில் அந்தச் சனங்களை அடைத்தபோது தாழைப் போட்டவன் நான்தான். இந்தக் கையால்தான்." இல்லாத கையை அவர் நீட்டியது போலத் தோள் அசைந்தது. "ஆணை விழுப்பரையருடையது. கை என்னுடையது. உள்ளிருந்து தட்டினார்கள், அம்மா. பெண்களின் வளையோசை கேட்டது. நான் தாழை எடுக்கவில்லை."

"நானும் அங்கேதான் இருந்தேன்" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பேசியவன் மோனன்! நெடுநாள் பேசாத தொண்டை கரகரத்தது. சொற்களில் மலைநாட்டு இழுப்பு இருந்தது.

"வெளியே அல்ல, உள்ளே இருந்தேன். குறும்பன்மலை வேளின் மகன் எழினி நான். என் தாயும் தங்கையும் என்னோடு இருந்தார்கள். தீ பற்றியதும் தங்கையை அணைத்து மேலே கவிழ்ந்து படுத்தேன். கூரை என் முதுகில் விழுந்தது. பின்சுவர் இடிந்தபோது நான் மட்டும் வெளியே வந்து விழுந்தேன்."

ஒரு கிழவர் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். வெண்காடர் கட்டிலிலிருந்து இறங்கி, தட்டுத் தடுமாறி வந்து அவன் முன் மண்டியிட்டார். தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டினார்.

"அதற்காகத்தான் வந்தேன்" என்றான் எழினி. "பேசினால் என் பேச்சே காட்டிக்கொடுக்கும் என்று ஊமையானேன். முதல் இரவே உங்கள் தலைமாட்டில் கத்தியோடு நின்றேன், ஏனாதியாரே. நீங்கள் தூக்கத்தில் அழுதுகொண்டிருந்தீர்கள். மறுநாளும் நின்றேன், மறுநாளும் அழுதீர்கள். பிறகு கத்தியை ஆற்றில் எறிந்துவிட்டேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது என்னால் ஆகாது. முறையீட்டை அனுப்பியவன் நான்தான். ஆனால் தோற்ற மலைக்காரன் சொல்லை எந்த அதிகாரி நம்புவார்? தாழிட்டவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். வருவீர்களா?"

"வருகிறேன்" என்றார் வெண்காடர்.

எழினி ஐயாறியின் பக்கம் திரும்பினான். "தாங்கள் அறிந்திருந்தீர்களா?"

"தழும்பை அறிவேன். பெயரை இப்போதுதான் அறிகிறேன்" என்றாள் அவள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. "நீர்த்துறை வாசலில் மூலிகைக்குப் போகும் பரிசல் கிடக்கிறது. வெள்ளம் பெருகியிருப்பதால் அந்தப் பக்கம் காவல் வைக்கவில்லை. சீக்கிரம் போங்கள்."

"தாங்களும் வாருங்கள்."

"இவர்களை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்?"

அவன் மறுமொழி சொல்லுமுன் உட்கதவு இடிபட்டது. வெளியே காத்திருந்தவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

அப்போது நடந்ததை, வாசகர்களே, போர் என்று சொல்வதற்கு நமக்கு நாணமாக இருக்கிறது. ஒற்றைக்கால் வீரர்கள் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு எழுந்தார்கள். கண்ணில்லாத ஒருவர் சத்தம் வந்த திசையில் மருந்து உலக்கையை ஓங்கினார். கட்டில்களை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, எழ முடியாதவர்கள் அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டார்கள். "போ, வெண்காடா! எங்களுக்கும் சேர்த்துச் சொல்!" என்று ஒருவர் கத்தினார். கதவு பிளந்தது. இளம் வாள்கள் முதிய உடல்களில் பாய்ந்தன. வெட்டுண்டு விழுந்தவர்களும் உள்ளே ஓடியவர்களின் கால்களைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஐயாறி நடைவழியில் குறுக்கே நின்றாள். விழுப்பரையரின் கை அவளைத் தூணில் மோதித் தள்ளியது.

அவர் நீர்த்துறைக்கு வந்தபோது பரிசல் நடு ஆற்றை நெருங்கியிருந்தது. நிலவொளியில் அது சுழல்வது தெளிவாகத் தெரிந்தது. "எய்யுங்கள்!" என்று கர்ஜித்தார். அம்புகள் பறந்தன. ஓர் அம்பு வெண்காடரின் விலாவில் ஆழப் பதிந்தது. எழினி துடுப்பை விடவில்லை. வெள்ளம் பரிசலை வெகுதூரம் கீழே இழுத்துச் சென்று, கடைசியில் வடகரை நாணற்புதரில் எறிந்தது.

ஏனாதியைத் தோளில் சுமந்துகொண்டு அவன் பாசறையை அடைந்தான். அம்பைப் பிடுங்கினால் உயிர் அப்போதே போய்விடும் என்பது ஐயாறியிடம் அவன் கண்டு கற்றது. அதை அசைக்காமல், புண்ணைச் சுற்றித் துணியை வைத்து இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். தன் தாயையும் தங்கையையும் கொன்றவரின் உதிரம் அவன் விரல்களிடையே சூடாகக் கசிந்தது. நியாய அதிகாரி அருகில் அமர்ந்து கேட்டார். வெண்காடர் அபயம் கொடுத்ததைச் சொன்னார். ஆணையிட்டவர் பெயரைச் சொன்னார். தாழிட்டவன் தானே என்பதையும் சொன்னார். சொல்லி முடித்த பின் எழினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் உயிர் பிரியும்வரை கையை எடுக்கவும் இல்லை.

விடிந்ததும் சக்கரவர்த்தியின் படை ஆற்றைக் கடந்தது. கோட்டை வாயிலிலேயே விழுப்பரையர் விலங்கிடப்பட்டார். ஆதுலர் சாலைக்குள் நுழைந்த வீரர்கள், நெற்றியில் உதிரம் உறைந்திருக்க, பிழைத்திருந்தவர்களின் புண்களைத் தைத்துக்கொண்டிருந்த ஐயாறியைக் கண்டார்கள். பிழைத்தவர்களை விட, துணி போர்த்திக் கிடந்தவர்களே அதிகம்.

குறும்பன்மலை அதன் வேளின் மகனுக்கே மீண்டும் வழங்கப்பட்டது. புறப்படும் நாளன்று எழினி மாலை வெயிலில் நீர்த்துறைக்கு வந்தான். ஐயாறி அங்கே இரத்தக் கறை படிந்த துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"மலையில் வைத்தியம் பார்க்க யாரும் இல்லை" என்றான். சற்றுத் தயங்கி, "எனக்கும் யாரும் இல்லை" என்றான்.

அவள் துணியைப் பிழிந்து பாறையில் வைத்தாள். "நான் வந்தால் இவர்களுக்கு யார்?"

"என் ஊரை எரித்தவர்கள், ஐயாறி! இன்னும் எத்தனை காலம் அவர்களுக்குப் புண் கழுவப் போகிறீர்கள்?"

"தாங்களும்தானே கழுவினீர்கள்?"

எழினி ஆற்றைப் பார்த்தான். வெள்ளம் வடிந்து மணல்திட்டுகள் தலைகாட்டியிருந்தன.

"கூத்தனை நான்தான் அனுப்பிவைத்தேன்" என்றாள் ஐயாறி மெல்ல. "இந்தப் பெண்ணையாற்றின் மீது ஆணை. இங்கே இருக்கும் கடைசி மனிதர் கண்ணை மூடும்வரை இந்த வாசலைத் தாண்டமாட்டேன். இனி எவருடைய சொல்லும் என் செவியை விட்டு வெளியேறாது. அந்தக் கடைசி மனிதருக்கும் வாய்க்கரிசி இட்ட பிறகு, தங்களுக்கு அப்போதும் மனம் இருந்தால், மலைக்கு வரும் வழியைச் சொல்லியனுப்புங்கள்."

"அது நாளையும் ஆகலாம், என் தலை நரைத்த பிறகும் ஆகலாம்."

"ஆம்."

அவன் குனிந்து, பாறை மேலிருந்த ஈரத் துணியின் ஒரு முனையைப் பற்றினான். மறுமுனையை அவள் பற்றினாள். இருவருமாக அதை உதறிக் கொடியில் விரித்தார்கள். கூடையிலிருந்த மற்றத் துணிகளையும் உலர்த்தி முடித்தார்கள். அதன்பின் எழினி படகேறினான்.

உள்ளே யாரோ வலி தாங்காமல் கூப்பிடும் குரல் கேட்டது. படகு கண்ணுக்கு மறையும் முன்பே ஐயாறி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.