மரணத்தின் நிறம் றோஸ்

"ஐயோ..."

அலறல் மாத்தளையின் அந்த மகா வித்தியாலய மண்டபத்தைக் கிழித்தது.

விஞ்ஞானக் கண்காட்சி மேசைக்குக் கீழே பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த வித்தியாதரிசி சுந்தரலிங்கம் மல்லாந்து கிடந்தார். கையில் காலிக் கிளாஸ்.

பிணம்!

(இந்த இடத்தில் பிணம் என்று போடாவிட்டால் என் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? உண்மையில் அவருக்கு மூச்சு இருந்தது. குறட்டை போல நன்றாகவே இருந்தது.)

அதிபர் ஜவாஹிர் மேசையைப் பார்த்தார். பாதி காலியான போத்தல்... உள்ளே றோஸ் நிறத் திரவம்... போத்தலின் பின்பக்கம் ஒட்டியிருந்த துண்டில்: 'கக்கூஸ் குழி கலந்த கிணற்றுத் தண்ணீர்.'

"யார்ட வேல இது?"

பத்தாம் வகுப்பு றம்லாவும் பழனிமுத்துவும் முன்னால் வந்தார்கள். கொலைகாரக் களை இருவர் முகத்திலும் இல்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

"எங்கட ஆராய்ச்சி ஸேர்," என்றாள் றம்லா. "பாய்க்குப் போடுற செவப்புச் சாயத்த கக்கூஸ் குழியில ஊத்தினோம். மழ பெஞ்ச மறுநாள் நம்ம ஸ்கூல் கிணத்துத் தண்ணி றோஸா வந்திச்சி. அதத்தான் போத்தல்ல புடிச்சி வெச்சோம். கிணத்த மூடச் சொல்லி எத்தன தரம் சொன்னோம் ஸேர்..."

"கிணத்துக்குள்ள நீங்களே சாயத்தக் கொட்டிப்போட்டு எனக்கிட்ட கத அளக்கிறீங்களா?"

றம்லா உதட்டைக் கடித்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்த அவள் தங்கை நெருப்புக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்று வித்தியாதரிசியை நம்ப வைக்காவிட்டால் நாளைக்கு இன்னொரு பிள்ளை கிடக்கும்.

"இவர் எப்புடிக் குடிச்சார்?"

"நாங்க அந்தப் பக்கம் விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தோங்க சேர்," என்றான் பழனிமுத்து. "திரும்பிப் பாத்தா இவரே ஊத்திக் குடிக்கிறாரு. நல்ல இனிப்புன்னு சொல்லி ரெண்டாவது கிளாஸும் ஊத்துனாரு. அப்பறந்தான் போத்தல திருப்பி வாசிச்சாருங்க."

இனிப்பா?

கூட்டத்திலிருந்து றம்லாவின் உம்மா கைறுன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"அது என்ட வேல மாஸ்டர். காலையில வீடு கூட்டக்குள்ள போத்தல் தட்டுப்பட்டுக் கொட்டிட்டு. புள்ள அழுவாளேன்டு அதே நெறத்துல சர்பத் கரச்சி ஊத்தினேன்."

"உம்மா..."

"சீனி கொஞ்சம் கூடிட்டு."

றம்லாவுக்கு அழுகை முட்டியது. இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. துப்பறியும் கதையில் குற்றவாளி இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு அன்பாக ஒப்புக்கொள்வது என் பிழைப்புக்கும் கேடு.

அதிபர் ஓடிப்போய்ப் பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். முகத்தில் தெளித்தார். வித்தியாதரிசி கண் திறந்து, செம்பைப் பறித்து, மடக் மடக்கென்று குடித்தார்.

"சர்பத் எண்டு சொன்ன மாதிரிக் கேட்டுது. அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?"

"ஒன்டுமில்ல சேர். புள்ளைங்கட வெளயாட்டு. எங்கட கிணறு சுத்தம். இப்ப நீங்க குடிச்சதே அந்தத் தண்ணிதான்."

பழனிமுத்து செம்பை வாங்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான். பித்தளையில் நிறம் தெரியவில்லை.

தேத்தண்ணி மேசையில் கவிழ்த்து வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றை எடுத்து, மிச்சத்தை அதில் ஊற்றினான்.

முந்தின இரவு நல்ல மழை.

கோப்பைக்குள்... இளம் றோஸ்!

அதிபர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். றம்லா அழுதுகொண்டே சிரித்தாள்.

"கிணத்தை இண்டைக்கே மூடுங்கோ," என்றார் வித்தியாதரிசி. சொல்லிவிட்டு, கிடந்த இடத்திலேயே மறுபடி மயங்கிச் சாய்ந்தார்.

இந்தத் தடவை தெளிய வைக்க யாரும் தண்ணீருக்கு ஓடவில்லை. போத்தலில் மிச்சமிருந்த சர்பத்தையே கொடுத்தார்கள்.