அன்னக்கா கூட்டி வந்தவள்

இதற்கு மேல் ஜீப் ஏறாது என்று டிரைவர் சிங்காரம் வண்டியை நிறுத்தினான். அங்கே பாதை முடிந்து, புதர்களுக்குள் ஒற்றையடித் தடம் தொடங்கியது. தை மாதத்துப் பிற்பகல். வெயில் இருந்ததே தவிர அதில் சூடு இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கி, முதுகுப் பைகளை மாட்டிக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

ஹாலந்திலிருந்து வந்தவர்கள். எல்லோரும் கல்லூரி வயது. ஜவ்வாது மலையில் கோணக்கொல்லை என்ற ஊருக்கு ஜீப் ஏறும்படி பாதை வெட்டித் தரவேண்டும்; வேலை முடியும்வரை மலைக்காரர் வீடுகளிலேயே தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும். 1978ஆம் வருஷம் இப்படியொரு ஏற்பாடு அந்தப் பக்கத்துக்கே புதிது. இரு தரப்புக்கும் நடுவில் பேசுவதற்குப் போளூரிலிருந்து ரஞ்சிதத்தை அழைத்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

ஓடையைத் தாண்டி ஏறியதும் புளியமரத்தடியில் எல்லைக்கல் நின்றது. எண்ணெயும் குங்குமமும் பூசிய பழைய கல். மற்றவர்கள் ஊருக்குள் போய்விட்டார்கள். பின்தங்கிய ஒரு பெண்ணுக்காக ரஞ்சிதம் அங்கே காத்து நின்றாள்.

ஆன்னெக்கா என்பது அந்தப் பெண்ணின் பெயர். மூடுபனி இறங்கிய தடத்தில் அவள் மெதுவாக வந்துகொண்டிருந்தாள். வலது கையைச் சற்றுத் தள்ளி, தாழ்த்திப் பிடித்திருந்தாள். நடையும் அவளுடைய நீளக் கால்களுக்குப் பொருந்தாமல் சின்னதாக இருந்தது. தாழ்ந்த குரலில் தன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே கல்லைக் கடந்து உள்ளே வந்தாள்.

"யாரோடு பேசிக்கொண்டு வருகிறாய்?"

"எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள்" என்று அவள் சிரித்தாள்.

ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். தடத்தில் யாருமில்லை. ஆடு மேய்க்கிற பிள்ளை எதுவோ வெட்கப்பட்டு ஓடியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஊர் நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. ஆன்னெக்காவைக் கண்டதும் குரைப்பை நிறுத்திப் பின்வாங்கின.

அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வந்தவள் செல்லியம்மாள். புருஷனை இழந்த தனிக்கட்டை. அதிகம் பேசாதவள். ஆன்னெக்கா என்ற பெயர் வாயில் நுழையாமல் அன்னக்கா என்று அவள் கூப்பிட, ஊரே அப்படிக் கூப்பிடத் தொடங்கியது.

மற்றப் பிள்ளைகள் 'தண்ணி' என்று சொல்லவே நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது, அன்னக்காவுக்குப் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஒரு சாயங்காலம் பாதை வேலை முடிந்து, செல்லியம்மாள் வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டே அவள் தெளிவாகச் சொன்னாள்:

"இன்னும் எம்மா தூரம் கீது வூடு?"

ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது. "வாசலில் நின்றுகொண்டா வீடு எவ்வளவு தூரம் என்று கேட்பாய்? யார் சொல்லிக் கொடுத்தது?"

"அப்படியா அர்த்தம்? சின்னவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்."

"எந்தச் சின்னவள்?"

"இந்த வீட்டுச் சின்னவள். விளக்கேற்றியதும் வந்து உட்காருவாளே." அன்னக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவள் கால் எப்போதும் ஈரமாக இருக்கிறது, ரஞ்சிதம். ஏன் யாரும் துடைத்துவிடுவதில்லை?"

ரஞ்சிதம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

அந்த வீட்டில் குழந்தை கிடையாது.

குனிந்து உள்ளே போனாள். அடுப்பு வெளிச்சத்தில் செல்லியம்மாள் சாமைச் சோற்றைத் தையல் இலைகளில் வைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒன்று. அன்னக்காவுக்கு ஒன்று. தானியக் குதிரின் நிழலில், சுவரோரமாக இன்னொன்று.

"அது யாருக்கும்மா?"

செல்லியம்மாள் நிமிரவில்லை. "அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி?"

ரஞ்சிதம் சொன்னாள். கேட்டதும் செல்லியம்மாளின் தோள்கள் குலுங்கின.

"மொத நாளே தெரியும் டீச்சர். காலைல பாய் ஓரம் நனஞ்சி கெடந்துது. பக்கத்துல எம் பொண்ணு தலை வாசனை. பெத்தவளுக்கு அது தெரியாதா? ஆனா என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கறா."

முன்வருஷத்து ஐப்பசியில் நடந்ததை அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மகள் பெயர் அம்மாக்கண்ணு. ஏழு வயது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்க, டோலி கட்டிப் போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். எல்லைக்கல்லைத் தாண்டி ஓடைக்கு வந்தபோது வெள்ளம். மழையில் அங்கேயே காத்திருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று குழந்தை அழுதது. வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை.

"எல்லைக்கு வெளியே செத்தவங்கள உள்ள கொண்டார கூடாதுன்னு எங்க கட்டு. ஓடைக்கரையிலயே பொதச்சிட்டு, என்ன மட்டும் கூட்டினு வந்துட்டாங்க."

ரஞ்சிதத்துக்கு விளங்கிவிட்டது. ஊர்க்காரர் யாரும் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். கட்டு தெரியாத ஒருத்தி வந்தாள். தடத்தோரம் நின்ற பிள்ளையிடம் கை நீட்டினாள். கல்லைத் தாண்டி வீடு சேர்த்துவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத டீச்சர். உன் கால்ல வேணா வியறேன். தொரத்திடுவாங்க." செல்லியம்மாள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "கொயந்தைக்கு இன்னும் சொரம் கீதான்னு அன்னக்காவ கேக்கச் சொல்லேன்."

அன்னக்கா உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். ரஞ்சிதம் கேள்வியை இங்கிலீஷில் சொன்னாள். அன்னக்கா குதிர்ப் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த துண்டுத் தமிழில் கேட்டாள். காது கொடுத்தாள். பிறகு அர்த்தம் புரியாமலே, எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னாள்.

"சொரம் இல்லமா. குளுருது."

செல்லியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட முடியல. வாசன மட்டும் வருது."

அங்கே மொழிபெயர்க்க ரஞ்சிதத்துக்கு வேலையே இருக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள். குதிரின் நிழலில் அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தரையில் ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

அன்னக்கா மறுபடியும் காது கொடுத்தாள். முகம் வாடியது.

"ஏம்மா என்ன அங்கியே வுட்டுட்டு வந்தீங்க?"

செல்லியம்மாள் எழுந்து இருட்டைப் பார்த்துக் கைகளை விரித்தாள். கைகளுக்குள் எதுவும் வரவில்லை.

ரஞ்சிதம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அன்னக்காவின் உடம்பு சொல்லத் தொடங்கியது. முதலில் மண்வெட்டி தூக்க முடியாமல் போயிற்று. பிறகு எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, நட்டநடு மதியத்திலும் உடம்பு ஓடைக் கல்லைப் போலச் சில்லிட்டுக் கிடந்தது. வலது உள்ளங்கையைச் சுற்றி நீலம் பாய்ந்த தடங்கள்.

குழந்தை விரல் அளவுத் தடங்கள்.

பூசாரி சடையன் வந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ரஞ்சிதத்தை வெளியே அழைத்தார்.

"ஆடுங்க பட்டிக்குள்ள போவ மாட்டேங்குது. அப்பவே நெனச்சேன். அது பாவம்மா, அதுக்குச் சூது தெரியாது. குளுருக்கு இந்தப் பொண்ணு சூட்ட உறிஞ்சுது. கூட்டியாந்தவளே எல்லைக்கு அப்பால கொண்டு போய் வுடணும். இல்லாட்டி ரெண்டும் இருக்காது."

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தலைவனோ ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று துடித்தான். எப்படியானாலும் போகிற வழி ஒன்றுதான். மூங்கிலில் போர்வை கட்டி டோலியாக்கி அன்னக்காவைப் படுக்க வைத்தார்கள். பனி விலகாத காலையில் நான்கு ஆட்கள் தூக்கி நடந்தார்கள்.

எல்லைக்கல் வந்தது.

டோலி நின்றது.

தூக்கியவர்களின் முட்டி மடங்கியது. மூங்கில் வில்லாக வளைந்தது. இரண்டு அடி கூட நகர்த்த முடியாமல் கீழே வைத்துவிட்டார்கள். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அன்னக்காவின் வாய்தான் அசைந்தது.

"மறுபடியும் தூக்கினு போறீங்களா?"

ஆட்கள் டோலியை விட்டு விலகி நின்றார்கள்.

"நான் சொரம்னு சொல்ல மாட்டேன். அழ மாட்டேன். வூட்டுலயே இருக்கறேன்."

தூக்கியவர்களில் இருவர் முன்பு அந்தக் குழந்தையைத் தூக்கியவர்கள். அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்னக்காவின் உதடுகள் கறுத்துக்கொண்டிருந்தன. ரஞ்சிதம் திரும்பி செல்லியம்மாளைப் பார்த்தாள்.

செல்லியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். டோலியருகே மண்டியிட்டு, அந்த நீலம் பாய்ந்த கையைத் தடவினாள்.

"அக்கா கைய வுட்டுடு கண்ணு. அக்காவுக்கும் ஒரு அம்மா கீது. தொலவுல ஒக்காந்துனு பாத்துனு இருக்கும்."

கை சில்லிட்டபடியே கிடந்தது.

"அம்மா கையப் புடிச்சிக்க. வா."

"நீ வூட்டுக்குப் போயிடுவ."

"போவ மாட்டேன்."

"போன தபா போன."

செல்லியம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, எல்லைக்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். ஊரைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, வலது கையைத் தாழ்த்தி நீட்டினாள்.

"இனிமே எனக்கு அந்த வூடு இல்ல. நீ கீற எடம்தான் வூடு. வாடி என் ராசாத்தி."

புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை. நீட்டிய விரல்கள் மெல்ல மடங்குவதை எல்லோரும் பார்த்தார்கள், எதையோ பற்றிக்கொள்வதுபோல. டோலிக்குள் அன்னக்கா நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

இப்போது இரண்டு பேருக்கே டோலி லேசாக இருந்தது.

போளூர் ஆஸ்பத்திரியில் அன்னக்கா தேறிவிட்டாள். ஆனால் கற்ற தமிழ் முழுவதும் போய்விட்டது. தண்ணி என்ற சொல்கூட நினைவில்லை. யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே, ஊருக்கு விமானம் ஏறும்வரை அழுதாள். மிச்சப் பாதையை அவளுடைய கூட்டாளிகள் வெட்டி முடித்துவிட்டுப் போனார்கள்.

செல்லியம்மாள் சொன்ன சொல் மாறவில்லை. ஓடைக்கரையில் குடிசை போட்டுக்கொண்டாள். ஊரார் எவ்வளவோ கூப்பிட்டும் கல்லைத் தாண்டவில்லை. மறுவருஷம் ரஞ்சிதம் பார்க்கப் போனபோது, மனசு கேட்காமல் போளூர்ச் சந்தையில் ஒரு கைப்பிடி கண்ணாடி வளையல் வாங்கிப் போனாள். பிள்ளைக்கான சின்ன வளையல்கள். செல்லியம்மாள் ஒன்றும் கேட்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்கடுத்த வருஷம் போனாள். குடிசை வாசல் பெருக்கித் துப்புரவாக இருந்தது. செல்லியம்மாளின் முகத்தில் முன்பில்லாத ஒரு தெளிவு. பேசிக்கொண்டிருந்தவள், அந்த வளையல்களை எடுத்து வந்து ரஞ்சிதத்தின் மடியில் வைத்தாள்.

"இது ஏற மாட்டேங்குது டீச்சர். வலிக்குதுன்றா. அடுத்த தபா கொஞ்சம் பெரிசா பாத்து வாங்கினு வா."

ஏக்கம் முற்றி இப்படியாகிவிட்டாளே என்று ரஞ்சிதம் நினைத்தாள். மறுத்துப் பேச மனமில்லாமல், "என்ன அளவுன்னு தெரியணுமேம்மா" என்றாள்.

"இரு, வர்றேன்."

செல்லியம்மாள் குனிந்து குடிசைக்குள் போனாள். "கைய நீட்டு கண்ணு. ஆடாத" என்று உள்ளே அவள் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, வளையமாக முடிந்த ஒரு வாழைநாரோடு வெளியே வந்தாள்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு அளவு இருந்தது. ரஞ்சிதம் கை நீட்டி அதை வாங்கினாள்.

இப்போதுதான் ஒரு கையிலிருந்து கழற்றியது போல, நார் வெதுவெதுப்பாக இருந்தது.